கொப்பரை அந்தரத்தில் தொங்கிய கதை

நான் தைரியசாலி இல்லை. ஊருக்கே தெரிந்துபோன பிறகு இதை ஒப்புக்கொள்ள என்ன வெட்கம்?

சிவகாசியில் எட்டு வருஷம் பட்டாசுக்கு மருந்து அடைத்தவன் நான். (இருமல் மருந்து இல்லை, வெடிமருந்து.) அங்கே நான் கற்ற ஒரே பாடம்: பொறி தெரிந்தால் போட்டது போட்டபடி ஓடு.

செல்வியைப் பெண் கேட்டுப் போனபோது அவள் அப்பா முத்தையா மாமா முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்: "பட்டாசுக்குப் போறவனுக்கு எம் மகளக் குடுத்துட்டு, நெதம் வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு இருக்க முடியாதுலே."

அவர் விருதுநகர்ப் பக்கம் ஓர் இரும்பு ஆலையில் போர்மேன். "பொண்ணு வேணும்னா இங்கன வந்து ஒழுங்கா வேல பாத்துக் காட்டு" என்று என்னைக் கிரேன் ஓட்டச் சேர்த்துவிட்டார்.

உருக்கும் உலையிலிருந்து கொதிக்கும் இரும்பை ஒரு பெரிய கொப்பரையில் பிடிப்பார்கள். நான் ரிமோட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கொப்பரையைக் கிரேனில் தூக்கி, ஆறுவதற்குள் அடுத்த உலைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஒரு வாரம் வெறும் கொப்பரையில் பழகினேன். "நெருப்பு என் விரலசைவுல ஆடுது" என்று செல்வியிடம் போனில் அளந்தும் விட்டேன்.

எட்டாம் நாள் நிஜ இரும்பு. கொப்பரை பாதி தூரம் வந்ததும் அதிலிருந்து பொறி பறந்தது. ஆலையில் அது தினசரிக் காட்சி. என் கால்களுக்கு அது தெரியாதே!

"ஓடுங்க, ஓடுங்க!" என்று கத்தியபடி கேட்டைத் தாண்டினேன். ஒருத்தரும் ஓடிவரவில்லை. கருவேலங்காட்டுக்குள் பதுங்கியிருந்த என்னைத் தேடிப் பிடிக்க மாமாவுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

"ஏலே, ஓடுறவன் அந்த ரிமோட்டக் குடுத்துட்டு ஓடக்கூடாதா?"

குனிந்து பார்த்தேன். கழுத்தில் ஆடிக்கொண்டிருந்தது. மாற்று ரிமோட்டுக்கு முதலாளி பேட்டரியே வாங்கிப் போடவில்லை. ('பாதுகாப்பே முதல் கடமை' என்ற பலகைக்கு மட்டும் வருஷா வருஷம் புதுப் பெயின்ட்.) நாங்கள் திரும்பியபோது அந்தரத்தில் தொங்கிய இரும்பு ஆறி, கொப்பரையோடு கொப்பரையாக இறுகிப்போயிருந்தது.

வேலை அன்றே போனது. செல்வியும் போனாள் என்று நினைத்து உண்மையாகவே அழுதேன். மறுநாள் மன்னிப்புக் கேட்க அவர்கள் வீட்டுக்குப் போனேன். மாமா என் கால்களைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"பொண்ணு ஒனக்குத்தாம்லே. இம்புட்டு வேகமா ஓடுறவன் எங்க போனாலும் உசுரோட வீடு வந்து சேந்துருவான்."

இப்போது ஆட்டோ ஓட்டுகிறேன். வீட்டில் குக்கர் விசிலடித்தால் போதும், செல்வி முதலில் என் கையிலிருக்கும் டிவி ரிமோட்டைப் பிடுங்குகிறாள்.

"இத வச்சிட்டு ஓடுங்க. நான் நாடகம் பாக்கணும்."