நான் 'வாசித்த' வாழ்த்து மடல்

ஐம்பது வயது வரை எனக்கென்று ஒரு மூக்குக்கண்ணாடி இருந்ததே இல்லை. ஆனால், "கண்ணாடிய வீட்ல விட்டுட்டு வந்துட்டேங்க, இதக் கொஞ்சம் நிரப்பித் தர்றீங்களா?" என்று கண்டி நகரத்தில் நான் கெஞ்சாத கந்தோர் இல்லை. தபால் கந்தோர், வங்கி, ஆஸ்பத்திரி என்று போன இடமெல்லாம் இல்லாத கண்ணாடியை மறந்திருக்கிறேன். (இருபத்திரண்டு வயதில் அப்படி என்ன கண் கோளாறு என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. நம் ஆட்கள் அவ்வளவு நல்லவர்கள்.)

கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. எனக்கு வாசிக்க வராது, அவ்வளவுதான். புசல்லாவையில் எட்டாம் வகுப்பு வரை போனேன். மற்றப் பிள்ளைகள் ஒரு பக்கம் முடிக்கும் நேரத்தில் நான் ஒரு வரியோடு மல்லுக்கட்டிக் கொண்டிருப்பேன். நேற்று வாசித்த சொல்லே இன்று புதுமுகமாக வந்து நிற்கும். முழங்காலில் நின்று நின்று அலுத்துப்போய், "படிப்பு எனக்குப் புடிக்கல" என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுகொண்டேன். திமிர் பிடித்தவன் என்று திட்டினார்கள். மண்டையில் ஒன்றும் ஏறாத மொக்கு என்பதைவிடத் திமிர் பிடித்தவன் எவ்வளவோ மரியாதையாக இருந்ததால், அந்தப் பெயரையே வைத்துக்கொண்டேன்.

கண்டியில் ஒரு புடவைக் கடையில் வேலை கிடைத்தது. புடவையைத் தொட்டே வகையைச் சொல்வேன். வாயும் ஓயாது. "தம்பி பேசினா கல்லுகூடச் சேல வாங்கும்" என்பார் முதலாளி. இந்த வாய்தான் என்னை மேடையில் ஏற்றியது.

சந்திரன் அண்ணன் சின்ன வயதிலேயே கொழும்புக்கு வேலைக்குப் போனவர். என் விஷயம் அவருக்குத் தெரியாது. தங்கை தேவிக்கு மட்டும்தான் தெரியும். அண்ணனுக்குக் கண்டியில் பெண் அமைந்தது. பெண் வீட்டில் வாத்தியார் இல்லாத கிளையே இல்லை. கல்யாண மேடையில் வாழ்த்து மடல் வாசிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். நண்பர்கள் கவிதை மாதிரி எதையாவது அச்சடித்து, சட்டம் போட்டு, ஒருவர் அதை மைக்கில் வாசித்து மாப்பிள்ளை கையில் கொடுப்பார். அண்ணன் என் தோளில் கை போட்டார்.

"மணி, நீ தான்டா வாசிக்கணும். அவங்க எல்லாம் படிச்ச குடும்பம். நம்ம பக்கமும் ஒருத்தன் இருக்கான்னு தெரியணும்."

அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது, "அதுக்கென்னண்ணே, ஜமாய்ச்சிடலாம்."

தேவிதான் காப்பாற்றினாள். மடலின் நகலை வாங்கி, முழுவதையும் வாசித்து ஒரு கேசட்டில் பதிந்து கொடுத்தாள். காலையில் கடை கூட்டும்போது அதைப் போட்டுப் போட்டுக் கேட்டேன். நாலாம் நாள் முதலாளியே, "மலையகம் பெற்ற மாணிக்கமே, மாசில்லாச் சந்திரனே" என்று முணுமுணுத்துக்கொண்டு பில் போட்டார். எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. வரி முடிந்தால் நிறுத்துவது, கண்ணை இடமிருந்து வலமாக ஓட்டுவது என்று நடிப்பையும் சேர்த்துப் பழகினேன்.

கல்யாண நாளில் பெண்ணின் தாய்மாமன், ஓய்வுபெற்ற பள்ளிக்கூட மாஸ்டர், மைக்கோடு நின்று என்னை அழைத்தார். சட்டத்தைச் சுற்றியிருந்த கலர் பேப்பரைக் கிழித்து நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டேன். ஓரம் முழுக்க ரோசாக்கொடி, மேலும் கீழும் ஒரே மாதிரி. வீடியோக்காரரின் லைட் சட்டத்தின் கண்ணாடியில் அடித்து எல்லாம் வெள்ளையாகக் கிடந்தது. எனக்கு அது வசதியாகவே இருந்தது. எழுத்தைப் பார்த்தால் பாடம் மறந்துவிடும் என்ற பயத்தில் நான் அந்தப் பக்கமே பார்க்கவில்லை.

பொளந்து கட்டினேன். ஏழாவது வரியில் கேசட்டில் தேவி இருமியிருந்தாள். நானும் அந்த இடத்தில் தவறாமல் இருமினேன். கைதட்டல் மண்டபத்தைத் தூக்கியது. சட்டத்தைச் சபைக்குத் திருப்பிக் காட்டி, அண்ணன் கையில் கொடுத்து, மணப்பெண்ணோடு மூன்று பேரும் சிரித்தபடி போட்டோவுக்கு நின்றோம்.

மண்டபத்தில் ஒரு சலசலப்பு. முன்வரிசையில் தேவி கையால் எதையோ கவிழ்த்துக் கவிழ்த்துக் காட்டினாள். எனக்கு விளங்கவில்லை. மாஸ்டர் மாமா கிட்டே வந்து சட்டத்தைக் குனிந்து பார்த்தார்.

"தம்பி, இதத் தலைகீழா புடிச்சிக்கிட்டா வாசிச்சீங்க?"

(எழுத்துக்கள் தலைகீழாகத் தெரிவதுதான் எனக்கு இருக்கும் குறைபாடு என்று இன்றும் சிலர் நினைக்கிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. பார்த்திருந்தால் எனக்கும் தெரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை.)

பிடிபட்டுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் மாஸ்டர் மாமாவின் முகத்தில் கேலியே இல்லை. அவர் சந்தோசத்தில் பூரித்துப்போயிருந்தார்.

"முப்பது வருசம் படிப்பிச்சிருக்கேன். தலைகீழா புடிச்சி இவ்வளவு சுத்தமா வாசிச்ச ஆள நான் பாத்ததில்ல" என்று மைக்கில் அறிவித்தார். "எங்க பக்கத்து வாழ்த்தையும் தம்பியே வாசிக்கட்டும்."

இன்னொரு சட்டம் என் கைக்கு வந்தது. அதற்குக் கேசட் இல்லை.

என் ஆயுதத்தை எடுத்தேன். "கண்ணாடிய வீட்ல விட்டுட்டு வந்துட்டேங்க."

"அதுக்கென்ன" என்று தன் கண்ணாடியைக் கழற்றி என் மூக்கில் மாட்டிவிட்டார் அந்த நல்ல மனிதர். போத்தல் அடி கனம். அதுவரை வாசிக்க மட்டும்தான் முடியவில்லை, இப்போது மேடையே தெரியவில்லை. மைக்கில் என் மூச்சுச் சத்தம் மட்டும் போய்க்கொண்டிருந்தது. அண்ணன் பக்கம் திரும்பினேன். அவர் முகத்தில் சிரிப்பு மெல்ல இறங்குவது அந்தக் கண்ணாடி வழியாகவும் தெரிந்தது. செத்துப்போகலாம் போல இருந்தது.

அப்போது மணப்பெண் எழுந்தார். கலா அண்ணி. கூறைச்சேலையும் மாலையுமாக வந்து என் பக்கத்தில் நின்று, மடலை எட்டிப் பார்ப்பது போலக் குனிந்தார்.

"நான் சொல்றேன் தம்பி, நீங்க சத்தமா சொல்லுங்க" என்றார் காதோரம். பிறகு மெதுவாக, "பொறுமையிலே பூமாதேவியே."

"பொறுமையிலே பூமாதேவியே" என்று முழங்கினேன்.

"அழகிலே மகாலட்சுமியே."

"அழகிலே மகாலட்சுமியே."

முன்வரிசையில் யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள். "பொண்ணு தன்னத்தானே புகழ்ந்து சொல்லிக் குடுக்குதுடோய்." மண்டபமே உருண்டு சிரித்தது. அண்ணிக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் நிறுத்தவில்லை. குணத்தின் குன்று, குலத்தின் விளக்கு, அன்னநடை என்று கடைசி வரி வரை தன் பெருமையைத் தானே சொல்லி முடித்தார். யாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. சிரிப்பு முழுவதையும் அவர் வாங்கிக்கொண்டார்.

பந்தி முடிந்ததும் என்னைத் தேடி வந்தார். நான் பாயாசத்தைக் கிண்டிக்கொண்டிருந்தேன்.

"எங்க பெரியப்பா மகன் ஒருத்தரும் இப்படித்தான் தம்பி. தோட்டத்து மெசின் எல்லாத்தையும் கழட்டி மாட்டுவாரு, ஒரு பக்கம் வாசிக்க மாட்டாரு. அவரு மொக்கு இல்ல. நீங்களும் இல்ல."

அதுவரை எனக்கு யாரும் அப்படிச் சொன்னதில்லை. பாயாசத்தில் கண்ணீர் விழுந்தது. பின்னால் அண்ணன் நின்றிருந்தார்.

"ஏன்டா என்கிட்ட சொல்லல?"

"உனக்கு வெக்கமா இருக்கும்னு நெனச்சேண்ணே."

அண்ணன் என் தலையைப் பிடித்துத் தன் பட்டுச் சால்வையில் அழுத்திக்கொண்டார். (சால்வையில் பாயாசக்கறை. அதுவும் வீடியோவில் இருக்கிறது.)

பிறகு அண்ணிதான் பேராதனையில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார். இதற்கு டிஸ்லெக்சியா என்று பெயர், கற்றல் குறைபாடுகளில் ஒன்று, மூளை மழுங்கல் இல்லை, சோம்பலும் இல்லை என்றார் அவர். பெயர் கேட்டதும் எனக்குப் பாதி வியாதி போன மாதிரி இருந்தது. "வளந்த ஆளும் படிக்கலாமா டாக்டர்?" என்றேன். படிக்கலாம், வழிதான் வேறு என்றார். வேறு வழியில்தான் படித்தேன். இன்று பத்திரிகையில் ஒரு செய்தியை முடிப்பதற்குள் தேநீர் ஆறிவிடும். பரவாயில்லை, ஆறின தேநீர் பழகிவிட்டது.

என் மகள் நிலா மூன்றாம் வகுப்பில் இருந்தபோது பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டார்கள். "கெட்டிக்காரப் பிள்ளதான், ஆனா வாசிக்கச் சோம்பல்" என்றார் டீச்சர்.

"சோம்பல் இல்லீங்க டீச்சர். என்னய மாதிரி" என்றேன். நிலா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அன்று அந்தக் கல்யாணக் கதை முழுவதையும் டீச்சருக்குச் சொன்னேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு பேராதனைக்கு எந்த பஸ்ஸில் போக வேண்டும் என்று கேட்டு, இன்னும் இரண்டு பிள்ளைகளின் பெற்றோரையும் அனுப்பிவைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் நிலா அந்தக் கல்யாணப் போட்டோவைக் கேட்டாள். பெரிதாக்கி மாட்டிய படம். கழற்றி, மடியில் தலைகீழாக வைத்து, விரல் வைத்து, மடலின் பெரிய எழுத்து வரியை வாசிக்கத் தொடங்கினாள். அந்த வரி எனக்கு மனப்பாடம். வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மலையகம் வந்தது. வெகுநேரம் கழித்துப் பெற்ற வந்தது. மாணிக்கமே என்று முடித்தபோது அவள் முகம் இருந்த இருப்பை என்னால் எழுத முடியாது. அவள் தானாக வாசித்து முடித்த முதல் வரி அது.

படத்தை அப்படியே மாட்டச் சொன்னாள். அப்படியே மாட்டினோம். மடல் நேராக நிற்கிறது. மாலையும் கழுத்துமாக அண்ணனும் அண்ணியும் தலைகீழாகத் தொங்குகிறார்கள். "எங்களயும் சேத்துக் கவுத்திட்டீங்களே தம்பி" என்று ஒவ்வொரு தீபாவளிக்கும் அண்ணி குறைப்படுவார்.

புதிதாக வீட்டுக்கு வருகிறவர்கள் கதிரையில் உட்காருமுன் தயங்குவார்கள். "படம் தலைகீழா மாட்டியிருக்கே?"

நிலா நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டாள்.

"படம் சரியாத்தான் இருக்கு. அப்பா தான் தலைகீழா நிக்கிறாரு."