நாகேஸ்வரி அக்காவைப் பற்றிய தரவு

எங்கள் கழகத்தில் காசு வைத்து ஆடுவதில்லை. ஞாயிறு பின்னேரம் அவரவர் வீட்டில் கணினிக்கு முன்னால் குந்தியிருந்து, வெறும் புள்ளிகளுக்குப் போக்கர் ஆடுவோம். பந்தயம் ஒன்றே ஒன்றுதான். வருடக் கடைசியில் வெல்பவர், வால்தம்ஸ்டோ மண்டபத்தில் நடக்கும் ஒன்றுகூடலில் குத்துவிளக்கின் முதல் திரியை ஏற்றலாம். லண்டன் தமிழருக்கு இதைவிடப் பெரிய பதவி கிடையாது. பிரதமராக வர நிற்கிறவன்கூட இவ்வளவு பேரைப் பகைத்துக்கொள்ள மாட்டான்.

கழகத் தலைவி நாகேஸ்வரி அக்கா சேலைக்கடை வைத்திருக்கிறா. போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் முதல் திரி அவாவுடையது. நான் உதவிச் செயலாளர். செயலாளர் என்று ஒருவரும் இல்லை, இருந்தால் அவரும் திரி கேட்பார்.

இந்த வருடம் அக்காவோடு இறுதியாட்டத்துக்கு வந்தவன் பிரியந்தன், வயறிங் வேலை செய்கிறவன். சனியன் பிடித்தது அரையிறுதியன்றுதான். பெடியன் பட்டனை மாற்றி அமத்திவிட்டான், அவனுடைய திரை எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. எதிராளிகள் ஆடும் ஒவ்வொரு கையையும் சேர்த்து வைக்கும் மென்பொருள் ஒன்று அதில் ஓடிக்கொண்டிருந்தது. கொட்டை எழுத்தில் கிடந்தது: "நாகேஸ்வரி. பந்தயத்தை ஏத்தினால் பாதி நேரம் கையிலை ஒண்டுமில்லை."

எனக்கு இது புதினமில்லை. கடையில் அவா 'கடைசி விலை' என்று சொல்வதும் அப்படித்தான்.

மறுநாளே 'தரவு நெறிமுறை விசாரணை ஆணைக்குழு' அமைக்கப்பட்டது. தலைவர் நாகேஸ்வரி அக்கா. முறைப்பாட்டுக்காரரும் அவாவே, அதனால் ஒரு ஆள் மிச்சம். நிபுணராக விம்பிள்டனிலிருந்து நரசிம்மன் வந்தார். சென்னைக்காரர், ஐ.டி.யில் பெரிய வேலை. 'எதிக்ஸ்' என்று சொல்லாமல் அவரால் தேத்தண்ணி குடிக்க ஏலாது. குற்றம் நிரூபணமானால் பிரியந்தன் இறுதியாட்டத்திலிருந்து வெளியே.

சேலைக்கடை மேல்மாடியில், பொரித்த மீன் றோல்ஸ் தட்டுக்கு முன்னால், அக்கா தொண்டையைச் செருமினா.

"ஒருத்தரைப் பற்றி அவருக்குத் தெரியாமல் விபரம் சேர்க்கிறது பெரிய அநியாயம். விசாரணை ஆரம்பம். தம்பி, ஊரிலை எவடம்?"

"கரவெட்டி, அக்கா."

"கரவெட்டியிலை எவடம்?"

"சந்தைக்குக் கிட்ட."

"ஆற்றை பிள்ளை?"

தகப்பன் பேரைச் சொன்னான்.

"அட, தவராசா வாத்தியாற்றை பேரனோ! உம்மடை சித்தி ஒராள் கனடாவிலையெல்லோ? புருஷனோடை கோவிச்சுக்கொண்டு போய்..."

"திரும்பிச் சித்தப்பாவிட்டையே போயிட்டா அக்கா."

"மார்கழியிலை. தெரியும்."

"கல்யாணம் ஆகலையா தம்பி?" என்றார் நரசிம்மன். "ஏன்?"

"இதுக்கும் வழக்குக்கும் என்ன சம்பந்தம்?"

"பின்புலம். புரொசீஜர் அப்படித்தான்."

பிரியந்தனுக்குப் பத்திக்கொண்டு வந்தது. "அக்கா, நீங்கள் எல்லாருக்கும் முன்னாலை ஆடின ஆட்டத்தைத்தான் நான் சேர்த்தனான். நீங்கள் என்ரை குடும்பம் முழுக்கச் சேர்க்கிறியள். எது களவு?"

வாயில் வைத்த றோல்ஸை நான் கடிக்கவில்லை. நல்ல கேள்வி, ஆனால் கேட்ட இடம் பிழை.

நரசிம்மன் கண்ணாடியைத் துடைத்தார். "நீங்க மெஷின்ல சேர்க்கிறீங்க, அது டேட்டா. மேடம் வாயால கேக்குறாங்க, அது அக்கறை."

"அப்ப ஞாபகத்திலை வைச்சிருக்கலாமோ?"

"வைக்கலாம். தேடி எடுக்கிற வசதிதான் இருக்கக் கூடாது."

"அக்காவிட்டை ஒரு பேரைச் சொல்லிப் பாருங்கோ. அதைவிட வசதி வேணுமோ?"

இந்தக் கூற்று பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது.

தீர்ப்பு கருணையோடு வழங்கப்பட்டது. மென்பொருளை அழிக்க வேண்டும், பிரியந்தன் ஆடலாம். வெளிப்படைத்தன்மை கருதி இருவரும் கமராவைப் போட்டு, முகம் முழுக்கத் தெரிய இருக்க வேண்டும்.

இறுதியாட்டம் இழுபட்டது. கடைசிக் கையில் பிரியந்தன் இருந்த புள்ளி எல்லாவற்றையும் நடுவில் தள்ளினான். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. வலது காதை மட்டும் மெல்லச் சொறிந்தான்.

அக்கா சிரித்துக்கொண்டு ஈடாகத் தன் புள்ளிகளையும் தள்ளினா. "சரி, காட்டும் பாப்பம்."

காட்டினான். கையில் ஒரு மண்ணும் இல்லை.

"எப்பிடி அக்கா பிடிச்சனீங்கள்?"

"நேற்றுக் கனடாச் சித்தியோடை கதைச்சனான். சின்னனிலை நீர் பொய் சொன்னால் வலக்காதைச் சொறிவீராமே! என்னைப் பேய்க்காட்டேலாது தம்பி. நல்ல மனுசி அவா. உமக்கொரு பொம்பிளையும் பாக்கச் சொன்னவா."

ஒன்றுகூடலில் அக்கா முதல் திரியை ஏற்றி, 'தனிமனித இரகசியம் காப்போம்' என்ற தலைப்பில் உரையாற்றினா. மண்டபம் அதிரக் கைதட்டினார்கள். தட்டி முடித்தவர்கள் பிரியந்தனைச் சுற்றி நின்று சித்தி ஏன் கோவிச்சவா என்று விசாரித்தார்கள். முதலில் கேட்டவன் நான்தான்.

அடுத்த வருடம் நானும் போட்டிக்கு நிற்கப்போகிறேன். மென்பொருள் ஒன்றும் கிடையாது, சத்தியமாக. நீங்களும் கழகத்தில் சேருங்கள். அது சரி, இவ்வளவு நேரம் இருந்து வாசித்தீர்கள், கேட்கவே மறந்துபோனேன். நீங்கள் ஊரிலை எவடம்?