ஆமாம் மட்டும் சொல்லும் பல்பு

கடைமடைக்கு ஆற்றுத் தண்ணீரும் கடைசியில்தான் வரும், கரண்டும் கடைசியில்தான் வரும். மன்னார்குடிக்குத் தெற்கே அப்படியொரு ஊரில், மின்கம்பி முடிகிற வீடு தர்மாம்பாளுடையது. ஒரு வாரமாக ஊரே அங்கேதான் கிடந்தது. கூடத்து எல்.இ.டி. பல்பில் பேய் பேசுகிறதாம்!

பேச வைத்தவர் பல்புச் சித்தர். "மருமக வந்ததுலேருந்து லைட்டு மினுக்குது" என்று தர்மாம்பாள் புலம்பியது காதில் விழுந்ததும் தானாக வந்து இறங்கியவர். பல்பு மங்கி நிமிர்ந்தால் 'ஆமாம்' என்று பொருள்.

"மேட்டூர்த் தண்ணி நம்ம வாய்க்காலுக்கு வருமா?" மினுக்.

"குறுவை நெல்லு தேறுமா?" மினுக்.

'இல்லை' என்று அந்தப் பேய் சொன்னதே இல்லை. அவ்வளவு நல்ல பேய்.

மருமகள் எழில்மொழிக்குத்தான் வயிறு எரிந்தது. "புதுப் பொண்ணோட வந்த பேயா நீ?" என்றதற்கும் மினுக்கிவிட்டதே! இன்றைய பூசை முடிந்ததும் அவளைப் பிறந்த வீட்டுக்கே அனுப்பிவிட வேண்டும் என்பது தீர்ப்பு. கணவன் அன்பரசன் பட்டதாரி. தலையைக் குனிந்துகொண்டு சம்மதித்தான்.

பூசைக்கு நடுவே அவள் கல்யாணச் சீராகக் கொண்டுவந்த இண்டக்‌ஷன் அடுப்பு. "பால் பொங்கப்படாது, சுண்டிக்கிட்டே இருக்கணும். குறைச்சு வைம்மா" என்பார் சித்தர். அடுப்பு சற்று உறுமும், சற்று ஓயும். உறுமும்போதெல்லாம் பல்பு மங்குவதை எழில்மொழி கவனித்தாள். உறுமல் ஓய்ந்த பிறகே சித்தர் கேள்வியைத் தொடங்குவதையும், அது முடியும்போது அடுத்த உறுமல் வந்துவிடுவதையும் கவனித்தாள். அடுப்பை அணைத்தாள்.

"இப்பக் கேளுங்க சாமி."

கேட்டார். பல்பு அசையவில்லை.

"பேய் கோவிச்சுக்கிச்சு!" என்றார் சித்தர்.

"சமாதானம் பண்ணிடலாம். அத்தை, அடுப்பு சுவிட்சை நீங்களே போடுங்க. பேயே, இவரு புளுகுறாரா?"

அடுப்பு உறுமியது. மினுக்!

தர்மாம்பாள் அணைத்தாள், போட்டாள், அணைத்தாள். பேய் கைகட்டிச் சேவகம் செய்தது.

"அடுப்பு கரண்டை இழுக்கறப்ப வோல்டேஜ் இறங்குது, பல்பு மங்குது. குறைச்சு வெச்சா விட்டுவிட்டு இழுக்கும். இவ்வளவுதான் பேய்" என்றாள் எழில்மொழி.

"அட, எங்க வீட்ல மோட்டார் போட்டாலும் இப்படித்தான்!" என்றார் பக்கத்து வீட்டு ரெத்தினம்.

"தெரிஞ்சுமா ஒரு வாரமா கும்பிட்டீங்க, சித்தப்பா?"

சித்தர் செருப்பைக்கூடத் தேடாமல் நடையைக் கட்டினார்.

"நீ எங்கயும் போவ வேணாம்" என்றாள் தர்மாம்பாள், மருமகள் முகத்தைப் பார்க்காமல். "லைட்டு மினுக்காம இருக்க என்ன பண்ணணும்?"

"கம்பி இவ்வளவு தூரம் வந்தா வோல்டேஜ் நிக்காது. பக்கத்துல ஒரு டிரான்ஸ்பார்மர் வேணும்னு கரண்ட் ஆபீசுல போய்க் கேக்கணும் அத்தை. இங்க நிக்கிறவங்கள்ல பாதிப் பேரு வந்தாப் போதும்."

கூட்டம் மெல்லக் கலைந்தது. பேயிடம் கேட்க ஒரு வாரம் ஒதுக்கிய மக்களுக்கு, கேட்க வேண்டிய இடத்தில் கேட்கலாம் என்றதும் வீட்டு வேலை ஞாபகம் வந்துவிட்டது.