மாப்பிள்ளை பூட்ஸுக்குச் சக்கரம் கட்டிய கதை

அன்றைக்கு எனக்குக் கொடுத்த வேலை ஒன்றே ஒன்றுதான். மாமாவின் பூட்ஸை பஸ் ஸ்டாண்டுக்கு எடுத்துப்போய், குதிகாலில் குத்துகிற ஆணியை அடித்து அடக்கி, நாலு மணிக்குள் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும்.

ஒரு கழுதைகூடச் செய்துவிடும். கழுதையிடம் சொல்லியிருந்தால் ஒழுங்காகவும் செய்திருக்கும்.

மாமா என்றால் அக்காவின் வீட்டுக்காரர். கல்யாணம் ஆகி வந்த முதல் ஆடி. ஒண்ணாந்தேதி விருந்துக்கு அக்காவோடு செஞ்சிக்கு வந்திருந்தார். விருந்து முடிந்ததும் அஞ்சு மணி பஸ்ஸில் அவர் மட்டும் ஊருக்குத் திரும்பிவிட வேண்டும். அக்கா மாசம் முழுக்க எங்களோடு. அந்த பஸ்ஸை விட்டால் அவர் ஊர்ப்பக்கம் மறுநாள்தான் வேறு பஸ்.

"ஏம்மா, மாமா ரெண்டு நாள் இருந்துட்டுப் போனா இன்னா?" என்று கேட்டேன்.

"ஆடி மாசம்டா. புதுசா கட்டினதுங்க ஒரே கூரைக்குக் கீழ இருக்கக் கூடாது."

"இருந்தா?"

"சின்னப் பையன் கேக்குற கேள்வியா இது? பூட்ஸை எடுத்துக்கினு கெளம்பு!"

கிளம்பினேன். மாமா வாசல் வரைக்கும் வந்தார். பக்கத்தில் யாரும் இல்லையென்று பார்த்துக்கொண்டு, "ஒண்ணும் அவசரமில்ல மச்சான். மெதுவாவே வா" என்றார்.

எவ்வளவு தங்கமான மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவுதான் என் அறிவு.

இந்த இடத்தில் என் குரலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். பின்னால் உதவும். எனக்குக் குரல் கிடையாது. இருக்கிறது, ஆனால் வெளியே வராது. வீட்டில் நான் பேசினால் கொசு என்று நினைத்து நைனா கையை வீசுவார். அவருடைய மளிகைக் கடையில் நான் உட்கார்ந்தால், விலை சொல்லி முடிப்பதற்குள் ஆள் அடுத்த கடைக்குப் போயிருப்பான்.

பஸ் ஸ்டாண்டில் செருப்பு தைக்கிறவர் நாலே தட்டில் ஆணியை அடக்கிவிட்டார். மெழுகு போட்டுத் துடைத்தும் கொடுத்தார். பூட்ஸ் பளபளவென்று இருந்தது. மூணு மணிகூட ஆகவில்லை. அப்படியே வீட்டுக்குத் திரும்பியிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

எதிரே தனபால் வந்தான்.

தனபால் எங்கள் எதிர்வீடு. அவனுடைய சித்தப்பா பாண்டிச்சேரியில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் வேலை பார்த்தவர். அவர்கள் ஊரைக் காலி செய்துகொண்டு போகும்போது, வேண்டாத சாமானோடு ஒரு ஜோடி சக்கரக் கட்டையையும் கொடுத்துவிட்டுப் போனார்கள். இரும்புத் தகடு. அடியில் நாலு சக்கரம். முன்பக்கம் நண்டுக் கொடுக்கு மாதிரி இரண்டு பிடி. ஒரு சின்னச் சாவியை விட்டுத் திருகினால் அந்தக் கொடுக்கு பூட்ஸின் அடித்தோலை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

கூடவே ஒரு படமும் வந்திருந்தது. உறைந்த ஐஸ் மேல் வெள்ளைக்காரனும் வெள்ளைக்காரியும் கையைக் கோத்துக்கொண்டு சறுக்குகிறார்கள். எங்கள் ஊரில் ஐஸ் என்றால் சோடாக்கடையில் மரத்தூளுக்குள் புதைத்து வைத்திருப்பதுதான். அதன் மேல் ஒரு ஈ சறுக்கலாம்.

"ஐஸ் இல்லன்னா இன்னாடா? சிமெண்ட் இருக்குது" என்று தனபால்தான் வழி கண்டுபிடித்தான்.

திண்டிவனம் ரோட்டில் ரைஸ் மில்லின் நெல் களம். புழுங்கல் நெல் காயவைக்க வழவழவென்று பூசியிருப்பார்கள். மழைத்தண்ணி நிற்காமல் ஓடுவதற்காக ரோட்டுப் பக்கம் லேசாகச் சரிந்தும் இருக்கும். ஊரிலேயே அதைவிட வழுக்கலான இடம் எங்கள் பழைய எம்.எல்.ஏ. பேச்சு ஒன்றுதான்.

ஆனால் ஒரு சிக்கல். சக்கரக் கட்டை பிடித்துக்கொள்ள பூட்ஸ் வேண்டும். எங்கள் தெருவில் யாருக்கும் பூட்ஸ் கிடையாது. வெறுங்காலில் கயிறு போட்டுக் கட்டிப் பார்த்தோம். கயிறு நின்றது, கால் நிற்கவில்லை. டயர் செருப்பில் மாட்டிப் பார்த்தோம். செருப்பு இரண்டாகப் போனது.

இப்போது தனபாலின் கண் என் கையில் இருந்த பூட்ஸ் மேல் விழுந்தது.

"டேய்!" என்றான்.

"கூடாது" என்றேன். அவனுக்குக் கேட்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் நான் களத்து ஓரத்தில் உட்கார்ந்து, மாமாவின் பூட்ஸுக்குள் பழந்துணியை அடைத்துக் காலை விட்டுக்கொண்டிருந்தேன். தனபால் சாவியைத் திருகி இறுக்கி, அதை என் சட்டைப் பையில் போட்டான். தாத்தா சொல்கிற கதைகளில் ராஜா குதிரை மேல் கால் போட்டதும் பூமி அதிரும், குதிரை கோட்டை மதிலைத் தாண்டும். நான் எழுந்து நின்றேன். பூமி அதிரவில்லை. நான்தான் அதிர்ந்தேன்.

"புடிச்சிக்கோடா, புடிச்சிக்கோடா!"

"புடிச்சிக்கினுதான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டுத் தனபால் கையை விட்டான்.

போனேன்!

சத்தியமாகச் சொல்கிறேன், முதல் பத்தடி சொர்க்கம். காற்று காதில் பாடியது. காலை அசைக்கவே இல்லை, களம் என்னைத் தாங்கிக்கொண்டு போனது. அந்தப் படத்து வெள்ளைக்காரியை நினைத்துக்கொண்டு ஒரு கையைக்கூட நீட்டினேன்.

அப்புறம்தான் எதிரே நெல் இருப்பதைப் பார்த்தேன். களத்தின் பாதிக்கு மேல் நெல் பரப்பியிருந்தது. அதில் கன்னியம்மாக்காவும் இன்னும் சில பெண்களும் வரிசையாக நடந்து, காலாலேயே நெல்லைத் துழாவிவிட்டுக்கொண்டு போனார்கள். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

"தள்ளுங்க! தள்ளுங்க!" என்று கத்தினேன். எனக்கே கேட்கவில்லை.

இரண்டு பெண்களுக்கு நடுவில் புகுந்தேன். சக்கரம் நெல்லுக்குள் இறங்கியது. ஏர் பூட்டினவன் மாதிரி ஒரு கோடு இழுத்துக்கொண்டே போய், குவித்து வைத்திருந்த நெல் அம்பாரத்தில் தலைகுப்புற இறங்கினேன்.

கன்னியம்மாக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வந்து நின்றது. களத்துக்கு அதுதான் மேஸ்திரி.

"யாரு, மளிகைக்கடை வூட்டுப் புள்ளையா? காலுல இன்னாடா அது, ரயிலா?"

"ஸ்கேட்டிங்குக்கா" என்றான் தனபால். "வெளிநாட்டுல ஐஸ் மேல வுடுவாங்க."

"ஐஸ் மேலயா? கரைஞ்சிடாது?" கொஞ்சம் யோசித்தது. பிறகு நான் இழுத்த கோட்டைப் பார்த்து, "பரவால்ல, வாய்க்கா நேராத்தான் வெட்டியிருக்கான்" என்றது.

வாயில் இருந்த நெல்லைத் துப்பிவிட்டு பூட்ஸைக் கழற்றினேன். பூட்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. சக்கரத்தைக் கழற்றச் சட்டைப் பையில் கையை விட்டேன்.

பையில் நெல் இருந்தது. சாவி இல்லை.

"சாவி இல்லன்னா?" என்றேன்.

"சாவி இல்லன்னா அது வராதுடா" என்றான் தனபால், ஏதோ சந்தோஷச் செய்தி மாதிரி.

மில் பிட்டரிடம் ஓடினோம். அவரிடம் இருந்ததெல்லாம் எஞ்சினைக் கழற்றுகிற ஸ்பேனர். "நெம்பி எடுக்கலாம்பா. ஆனா அடித்தோலு கூடவே வந்துடும். பரவால்லியா?" என்றார்.

கன்னியம்மாக்கா அதற்குள் வேறு கவலைக்குப் போய்விட்டது. "நெல்லுல இரும்பா? நாளைக்கு அது மிஷின்ல போச்சுன்னா மொதலாளி என்னைத்தான் அரைப்பாரு! சாவி கெடைக்காம ஒரு நெல்லை அள்ள வுடமாட்டேன்."

நான் குனிந்து கண்ணை இடுக்கிக்கொண்டு தேடினேன். பின்னால் ஒரு உதை விழுந்தது.

"கண்ணால தேடினா ஆவணியிலதான் கெடைக்கும். எழுந்திரு. காலால தேடு. நெல்லு உள்ளங்காலுக்குத் தெரியும், இரும்பும் தெரியும்."

எல்லோரும் வரிசையாக நின்று துழாவ ஆரம்பித்தோம். தப்பு செய்தவன் என்று எனக்கு நல்ல வெயில் வரிசையாகப் பார்த்துக் கொடுத்தார்கள்.

நாலரைக்கு அம்மா என்னைத் தேடிக்கொண்டு வந்துவிட்டார்கள். சக்கரத்தோடு நின்ற பூட்ஸைப் பார்த்தார்கள்.

"மொத ஆடிக்கு வந்த மாப்பிள்ளையை வெறுங்காலோட அனுப்பினோம்னு சம்மந்தியம்மா தெருத்தெருவா சொல்லுவாங்க. இருந்தாலும் கெட்டுது, போனாலும் கெட்டுது! என் வயித்துல பொறந்தியே நீ!" என்று புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நெல்லில் இறங்கினார்கள்.

பின்னாலேயே மாமா, பேண்ட்டும் வெறுங்காலுமாக. அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நைனா. கடைசியில் அக்கா. கடைத்தெரு வழியாகத்தான் வந்திருக்கிறார்கள். "இன்னா, மாப்பிள்ளை செருப்பில்லாம நடக்குறாரு?" என்று கடைக்குக் கடை கேட்டிருக்கிறார்கள். "வேண்டுதல்" என்று நைனா சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார்.

அதற்குள் பஸ்ஸும் வந்துவிட்டது. ரோடு களத்தை ஒட்டியே போகிறது. நைனா நடுரோட்டில் பெட்டியோடு நின்று மறித்தார்.

"ஒரே நிமிஷம் கண்டக்டரே! எங்க மாப்பிள்ளை ஏறணும். பூட்ஸு கழல மாட்டேங்குது!"

கண்டக்டர் எட்டி மாமாவின் காலைப் பார்த்தார். "கால்ல பூட்ஸே இல்லியே?"

"பூட்ஸுல இருந்து சக்கரம் கழலலை!"

பஸ்ஸே ஜன்னலுக்கு வந்துவிட்டது. ஒருவர் சொன்னார்: "சக்கரம் இருக்குதுன்னா பஸ்ஸு எதுக்கு? அப்படியே போயிடலாமே!"

நைனா தன் செருப்பைக் கழற்றி மாமா முன்னால் வைத்தார். "இதைப் போட்டுக்கினு ஏறுங்க மாப்பிள்ளை."

மாமா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "மாமனார் செருப்புல நான் காலை வெக்கறதா? செத்தாலும் செய்யமாட்டேன் மாமா. நானும் தேடறேன்."

பேண்ட்டை முழங்கால் வரைக்கும் சுருட்டிக்கொண்டு நெல்லில் இறங்கிவிட்டார். "மாப்பிள்ளைன்னா இப்படி இருக்கணும்" என்று கன்னியம்மாக்காவே சொன்னது.

மாமா துழாவினார். நாலு எட்டு நடந்தார். ஐந்தாவது எட்டில் நின்றார்.

நின்றவர் நகரவில்லை.

நான் அவருக்கு அடுத்த வரிசை. அவர் கட்டைவிரல் நெல்லுக்குள் எதையோ வளைத்துப் பிடிப்பதைப் பார்த்தேன். வெயிலில் அது ஒரு தடவை மின்னியது. உள்ளங்கால் அதன் மேல் மூடிக்கொண்டது.

"மாமா, சாவி!" என்றேன்.

அவர் தூரத்தில் தெரிகிற செஞ்சிக் கோட்டை மேல் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா! சாவி மாமா காலுக்குக் கீழ!" என்று நெஞ்சு வலிக்கக் கத்தினேன்.

அம்மா திரும்பாமலே, "மொணமொணக்காம தேடுடா!" என்றார்கள்.

அக்காவுக்கு மட்டும் கேட்டிருக்க வேண்டும். மாமாவின் காலைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள், கொலைகாரிப் பார்வை. நான் வாயை மூடிக்கொண்டேன். அவள் களத்தின் மறுகோடிக்கு ஓடினாள்.

"அம்மா! இங்க ஏதோ மின்னுது பாருங்க! எல்லாரும் இந்தப் பக்கம் வாங்க!"

மொத்தக் களமும் அந்தக் கோடிக்கு ஓடியது. மாமா மட்டும் நட்டுவைத்த கல் மாதிரி நின்றார்.

பஸ் ஹாரன் அடித்தது. இன்னொரு தடவை அடித்தது. "சாமி, எனக்கும் பொண்டாட்டி புள்ளைங்க இருக்குது, வூட்டுக்குப் போவணும்" என்று கண்டக்டர் விசிலை ஊதினார். நைனா கொஞ்ச தூரம் கூடவே ஓடிப்பார்த்தார். பஸ் திருப்பத்தில் மறைந்தது. புழுதி அடங்கியது.

மாமா காலைத் தூக்கினார்.

"அடடே! இங்கதான் இருக்குது பாருங்க அத்தை!"

அம்மா சாவியைப் பார்த்தார்கள். ரோட்டைப் பார்த்தார்கள். கடைசியில் என்னைப் பார்த்தார்கள். "எல்லாம் இவனால!" என்று தீர்ப்பு வந்தது. அக்கா தலையைக் குனிந்துகொண்டு, "ஆமாம்மா" என்றாள்.

அன்று ராத்திரிக்கு அம்மா பலத்த ஏற்பாடு செய்தார்கள். மாமாவுக்கு மொட்டைமாடியில் பாய். பக்கத்திலேயே எனக்கும் பாய், காவலுக்கு. அக்கா கீழே, அம்மாவின் பக்கத்தில். "ஏதாவதுன்னா ஒரு குரல் குடு" என்று என்னிடம் சொன்னார்கள், என்னைப் பெற்றவர்களே என்னிடம். தவிர, எனக்குப் படுத்தால் இடி விழுந்தாலும் தெரியாது.

காலையில் மாமா முதல் பஸ்ஸில் ஏறினார். பளபளக்கிற பூட்ஸ், சிரித்த முகம். என் கன்னத்தைத் தட்டி, "நல்லா வருவே மச்சான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆடியில் மாப்பிள்ளை பஸ்ஸைத் தவறவிடக் கூடாது என்று அம்மா ஏன் அப்படித் துடித்தார்கள் என்பது, சித்திரை வெயிலில் விசிறியோடு தொட்டிலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு விளங்கியது.