'முடிவிலி'யின் பத்தொன்பதாவது நிகழ்ச்சி

சூரியன் கிழக்கில் உதிக்கிறது, மொன்றியலில் பனி பொழிகிறது, 'முடிவிலி' ரொக் இசைக்குழு வாசித்துக்கொண்டிருக்கிறது. இவை மூன்றும் மாறாத உண்மைகள். முதலிரண்டுக்காவது இடைவேளை உண்டு.

இருபத்தேழு ஆண்டுகளில் குழு ஓர் இசைத்தட்டும் வெளியிடவில்லை. பாட்டு முடிந்தால்தானே வெளியிடலாம்? மேடையில் மனதுக்குத் தோன்றியபடி வாசித்துக்கொண்டே போவதுதான் அவர்களின் 'தத்துவம்'. குழுவின் யாப்பில், அதாவது சட்டதிட்டத்தில், ஒரே விதி: எல்லாரும் ஒருமுறை தனியாக வாசித்துக் காட்டும்வரை பாட்டு முடியக்கூடாது. பேஸ் கிற்றார் வாசிக்கும் துஷாந்தினியின் முறை இன்னும் வரவில்லை. ஆகவே பாட்டு முடியாததற்கு அவளே காரணம் என்று கூட்ட அறிக்கையில் பதிவாகியிருக்கிறது.

டோர்வல் விமானநிலையத்தில் பயணப்பெட்டி தூக்கும் வேலை முடித்து வந்து, அவள் நாலே நாலு சுரங்களைத் திரும்பத் திரும்ப வாசிப்பாள். தன் முறைக்கென்று ஆறு நிமிட உருப்படி ஒன்றை அமைத்து வைத்திருந்தாள். அதை ஒருவரும் கேட்கவில்லை என்பது அவளுக்குப் பெரிய மனக்குறை.

"அண்ணை, இண்டைக்காவது?"

"பேந்து பாப்பம், தங்கச்சி" என்பார் சிவநேசம். குழுவின் நிறுவுநர், முதல் கிற்றார், வரலாற்றாசிரியர் எல்லாம் அவர்தான்.

பியர்பொன்ட்ஸ் மண்டபத்தில் 'முடிவிலி: வரலாறும் மரபும்' விழா நடந்தது. அழைப்பிதழில் பத்தொன்பதாவது நிகழ்ச்சி: 'துஷாந்தினி, தனி வாசிப்பு (நேரம் இருந்தால்)'. முதலில் மங்கள விளக்கு, ஆசியுரை, ஒருவருக்கொருவர் பொன்னாடை. பிறகு சிவநேசம் வரலாற்றை ஐம்பது நிமிடம் வாசித்தார். அதில் துஷாந்தினி ஒரேயொரு இடத்தில் வந்தாள், தேநீர் உபசரணையில்.

ஐந்து மணிக்கு மண்டபத்தை விட்டாக வேண்டும். வரலாற்றுக்குப் பின் மீண்டும் தொடங்கிய பாட்டில், நாலேமுக்கால் தாண்டியும் இரண்டு கிற்றார்களும் ஓயவில்லை. துஷாந்தினி தன் முறையைக் கேட்டதும் இரண்டாம் கிற்றார் நாகசுப்பிரமணியன், சென்னை எஞ்சினியர், கண்ணை மூடியே சொன்னார்:

"இப்பத்தாங்க ஃப்ளோ வந்திருக்கு. இப்பப் போயி நிறுத்தச் சொல்றீங்களே?"

"அடுத்த விழாவிலை கட்டாயம், தங்கச்சி" என்றார் சிவநேசம்.

துஷாந்தினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தந்திகளிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

முதலில் ட்ரம்ஸ் தாளம் தப்பியது. அப்புறம் மண்டபம் முழுவதற்கும் கேட்டது: இரண்டு கிற்றார்களும் வாசித்தவை இரண்டு வேறு பாட்டுகள். இருபத்தேழு வருஷமாக அப்படித்தான். அந்த நாலு சுரங்கள்தான் இரண்டையும் ஒன்றாகக் கட்டி வைத்திருந்தன. வெட்கத்தில் கிற்றார்கள் ஓய்ந்தன.

"ஏன் தங்கச்சி நிப்பாட்டினனீர்?"

"நான் நிப்பாட்டேல்லை, அண்ணை. இதுதான் என்ரை தனி. ஆறு நிமிசம். இருந்து கேளுங்கோ."

ஆறு நிமிடமும் சத்தமில்லை. சனம் எழுந்து நின்று, யாரும் கேட்காமலே கைதட்டியது. யாப்பின்படி பாட்டும் முடிந்தது.

வரலாற்றின் இரண்டாம் பதிப்பு வந்துவிட்டது. அதில் இப்படி இருக்கிறது: 'மாலை 4.52க்கு மின்தடை காரணமாக நிகழ்ச்சி இடைநின்றது.' கீழே அந்த நிமிடத்து நிழற்படம். மேடையில் எல்லா விளக்குகளும் எரிகின்றன. பேஸ் கிற்றார் நின்ற பக்கத்தை மட்டும் வெட்டி எடுத்திருக்கிறார்கள்.