நம்ம ஆளுதான் முன்னாடி

பெருமதிப்புக்குரிய மாமா அவர்களுக்கு,

தாங்களும் அத்தையும் சுகமாயிருக்க வேண்டும். நான் சுகத்துக்கும் மேலே இருக்கிறேன், ஜெயித்துவிட்டேன்.

தாங்கள் சொல்லிச் சேர்த்துவிட்ட மருத்துவமனையில், நோயாளிகளை வரிசைப்படுத்தும் புரோகிராம் எழுதும் வேலை எனக்கு. கணினிக்கு ஒவ்வொரு நோயாளியும் ஒரு ஆப்ஜெக்ட், அதாவது விவரங்களைக் கட்டிவைத்த ஒரு பொட்டலம். இரண்டு எண்களைக் கொடுத்தால் எது சின்னது என்று அதுவே சொல்லும். இரண்டு மனிதர்களைக் கொடுத்தால் திருதிருவென்று விழிக்கும். யார் முன்னால் என்ற விதியை நாம்தான் எழுத வேண்டும். வலிக்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, வலி அதிகமுள்ளவர் முன்னால் என்று எழுதியிருந்தேன். மேனேஜர் அதை அழிக்கச் சொன்னார்.

"முதலாளி வீட்டு ஆளுங்களை யாரோட ஒப்பிட்டாலும் நம்ம ஆளுதான் முன்னாடி. அப்படி எழுது."

"ரெண்டு பேருமே நம்ம ஆளா இருந்தா, சார்?"

"அப்பவும் நம்ம ஆளுதான் முன்னாடி. இதெல்லாம் ஒரு கேள்வியா?"

சொன்னதைச் சொன்னபடியே எழுதினேன். நேற்றுக் காலை முதலாளியின் தம்பி இருமலோடு வந்தார், பின்னாலேயே முதலாளியம்மாவின் அண்ணன் சும்மா பிரஷர் பார்க்க வந்தார், இவரைக் கேட்டால் அவருக்கு முன்னால், அவரைக் கேட்டால் இவருக்கு முன்னால், கணினி என்ன செய்யும் மாமா, 'ஒப்பிடும் விதி முரண்படுகிறது'ன்னு கூடத்துப் பெரிய திரையில போட்டுட்டுப் படுத்துடுச்சு. சுவரோரமா ஒரு மூட்டை தூக்குறவர் காலையிலேர்ந்து நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு, யாரையும் உள்ளே கூப்பிடல, இவங்க ரெண்டு பேரும் நடுக்கூடத்துல சட்டையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க.

"நான் யாருன்னு தெரியுமா?"

"தெரியும். இருமிக்கிட்டு ஓரமா நில்லு."

மேனேஜர் என்கிட்ட ஓடி வந்தாரு. "உடனே சரி பண்ணுப்பா."

"ரெண்டு பேர்ல யார் முன்னாடின்னு சொல்லுங்க சார், எழுதிடறேன்."

எதைச் சொன்னாலும் அவர் வேலை போயிடும். கைக்குட்டை நனைஞ்சதுதான் மிச்சம். "வேற எதையாவது வச்சு அடுக்கித் தொலையேன்."

"வலியை வச்சு?"

"எதை வேணா வை, போ."

பழைய விதியைத் திரும்பப் போட்டேன். முதல் பெயர் மூட்டை தூக்குபவருடையது. இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் கைமீறிப் போயிருக்கும் என்றார் டாக்டர். இப்போது எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறார். முதலாளி வீட்டார் இருவரும் கடைசியில். இனி இங்கே யார் வீட்டு ஆளுக்கும் தனி வழி கிடையாது.

அத்தைக்கு என் வணக்கம். குழந்தைகளுக்கு அன்பு.

தங்கள் மருமகன்.

பி.கு.: பல் காட்ட நாளை வருவதாகச் சொன்னீர்களே, வரிசையில் நிற்க வேண்டாம். உங்கள் வலிக்குப் பத்துக்குப் பத்து போட்டு வைத்திருக்கிறேன். கூடத்துக்குள் நுழையும்போது மட்டும் கொஞ்சம் முனகிக்கொண்டே வாருங்கள்.