கடை திறப்புக்கு வராத அத்தானின் விளக்கம்

அன்புள்ள மச்சானுக்கு,

நீயும் உன் தையல் மெஷின்களும் நிற்காமல் ஓட வேண்டும். உன் அக்கா சௌக்கியம். நான் சௌக்கியமா என்பதை விளக்கத்தான் இந்தக் கடிதம்.

நீ சொந்தமாகத் தையற்கடை திறந்து மூன்று மாதமாகிறது. திறப்புக்கு நான் வரவில்லை. அன்றிலிருந்து எனக்கு நீ போன் செய்வதில்லை. அக்காவிடம் மட்டும், "அத்தான் பெரிய ஆளு, நம்ம கடைக்கெல்லாம் வருவாரா" என்றாயாம். நான் பெரிய ஆளெல்லாம் இல்லை. அன்று குளித்து, உடுத்தி, ஒரு காலுக்குச் செருப்பும் மாட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தேன். அப்படியே மத்தியானம் ஆகிவிட்டது.

லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் புகார் கேட்கும் வேலை எப்படிப்பட்டதென்று உனக்குத் தெரியும். பதினோரு வருடமாக, பாதி மாடியில் மாட்டிக்கொண்டவர்கள் எல்லாம் என்னைத்தான் திட்டுகிறார்கள். முன்பு போன் அடித்தால் நெஞ்சு படபடக்கும், இப்போது அதுவும் இல்லை. போன மாதம் மேனேஜர் எல்லோரையும் கூட்டி, இந்த வருடத்தின் சிறந்த ஊழியர் நான்தான் என்று அறிவித்து மைக்கைக் கையில் கொடுத்தார். "எந்த மாடியில நிக்குது சார்?" என்று கேட்டுவிட்டேன். வேடிக்கை பண்ணுகிறேன் என்று நினைத்துக் கைதட்டினார்கள். வீட்டில் உன் அக்கா புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு, "எனக்கு எப்படி இருக்கு?" என்றாள். "பதிவு பண்ணிட்டேம்மா, அரை மணியில ஆள் வந்துடுவாங்க" என்றேன். மறுநாளே மனநல மருத்துவரிடம் இழுத்துப் போனாள்.

அந்த டாக்டரம்மா பொறுமைசாலி. "மூளையில டோபமைன்னு ஒண்ணு இருக்கு. நல்லது ஏதோ வரப்போகுது, எழுந்து போன்னு நம்மள உசுப்பி விடறதுல அதுக்குப் பெரிய பங்கு. ரெண்டு நாள் டென்ஷன்னா சமாளிச்சுக்கும். வருஷக்கணக்குல டென்ஷன்னா அதோட வேலை மந்தமாயிடலாம். அப்ப எது மேலயும் ஆசை வராது. மனச்சோர்வுல இது நிறைய பேருக்கு நடக்கிறதுதான்."

"செத்துடுச்சா டாக்டர்?"

"இல்லைங்க, சோர்ந்திருக்கு. மருந்து எடுங்க, வேலையைக் குறைங்க. தினம் ஒரு சின்னக் காரியம், பிடிச்சாலும் பிடிக்காட்டியும் செய்யுங்க."

இந்தக் கடைசி வாக்கியத்தை உன் அக்கா பிடித்துக்கொண்டாள். பரண், ஜன்னல், அலமாரி என்று நான்கு வருடமாகச் சுத்தம் செய்யாமல் கிடந்ததெல்லாம் இப்போது எனக்கு வைத்தியம். முனகினால், "டாக்டர் சொல்லியிருக்காங்க" என்கிறாள்.

மச்சான், உன்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. நீ கடை திறந்த நாளில் வர வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லையே என்பதுதான் என் வருத்தம். அந்த வருத்தமும் முழுசாக வரவில்லை. அதனால் என்னை எதிர்பார்க்காதே. இந்த வருடம் எங்கேயும் கிளம்புகிற நிலையில் நான் இல்லை.

உன் கடை வாசலில் வாடிக்கையாளர்கள் வரிசையில் நிற்கட்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: தபாலில் போடத்தான் வெளியே வந்தேன். தபால் பெட்டியைத் தாண்டி நடந்து, உன் ஊர் பஸ்ஸில் ஏறிவிட்டேன். யாரும் போகச் சொல்லவில்லை. பஸ் குலுக்கலில்தான் எழுத்து இப்படி ஆடுகிறது. இதை உன் கையிலேயே கொடுத்துவிடுகிறேன், மேலே உள்ளதைப் படிக்க வேண்டாம். அளவு நாடாவை எடுத்து வை. எனக்கு ஒரு சட்டை வேண்டும், நீலத்தில், கட்டம் போட்டது.